மண்ணுக்கு மேல் மணல்

நான்காம் நாள் காலையில் தொட்டித் தண்ணீர் பால் விடாத சுலைமானி டீயின் நிறத்துக்கு வந்திருந்தது.

முழங்காலிட்டு, நெற்றி கண்ணாடியில் படும்படி குனிந்து பார்த்தேன். நேற்றுவரை இலையில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்த நத்தைகளில் ஒன்று அடியில் மல்லாந்து கிடந்தது. கையை விட்டு எடுத்தேன். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும் உடம்பு இப்போது அசையவில்லை. பக்கத்தில் இன்னொன்றும் அப்படியே. மூன்று கப்பி மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. மற்றக் கையால் எடுத்தேன். கம்பெனியின் பி.ஆர்.ஓ. விசா, மெடிக்கல், லேபர் கார்டு என்று எங்கள் எல்லோருடைய காகிதங்களையும் தூக்கிக்கொண்டு அரசு அலுவலகங்களுக்கு அலைகிற மலையாளி.

"ராஜேந்திரா, ரெண்டு போட்டோ வேணும். வெள்ளை பேக்ரவுண்ட்."

"எதுக்கு சார்? ரிசல்ட் வந்துடுச்சா?"

"ரிசல்ட் ஒண்ணும் வந்திட்டில்ல. ஃபைல்ல போட்டோ இல்ல. அத்ர தான்."

போனை வைத்தேன். செத்த நத்தை இன்னும் உள்ளங்கையில்தான் இருந்தது.

அமீரகத்து புஜைரா நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதியதெல்லாம் டேங்க் பெயின்டிங், கேம்ப் சாப்பாடு, வெயில் என்று சுற்றிச் சுற்றி வந்தது. இந்த வாரம் எழுதப் போவதை எழுதலாமா என்று என் மனைவி வசந்தாவிடம் கேட்டேன். "எழுதுங்க. இனிமே யாருகிட்ட மறைக்கணும்?" என்றாள். எழுதுகிறேன்.

ஒரு புள்ளி

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம். புஜைராவில் எண்ணெய் சேமிக்கும் டேங்குகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். பெயின்ட் டிரம், தின்னர், கையுறை எல்லாம் என் பொறுப்பு. கூடவே மலைபோல் அடுக்கிய கிரிட் மூட்டைகளும்.

கிரிட் என்பது கரகரவென்ற கறுப்புத் துகள். அதைக் காற்றழுத்தத்தில் இரும்பின்மேல் பீய்ச்சித் துருவை உரிப்பார்கள். பிறகுதான் பெயின்ட். அந்த வேலையைச் செய்கிறவர்களில் ஒருவன் பெரியசாமி. அரியலூர்ப் பக்கத்துக்காரன், என் வயது. ஆறு வருடமாக ஒரே அறையில் அவன் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில்.

விசா புதுப்பிக்கும் நேரம் வந்தது. ரத்தம் கொடுத்தேன், எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பு இரண்டு முறை இதே சடங்கில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்திருக்கிறேன். இந்த முறை மறுபடி வரச் சொன்னார்கள்.

சூடானிலிருந்து வந்த பெண் மருத்துவர் அவர். படத்தை வெளிச்சப் பலகையில் செருகிவிட்டு, பேனா முனையால் வலது நுரையீரலின் மேல்பக்கம் தொட்டுக் காட்டினார். அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

"இதற்கு முன் உங்களுக்குக் காசநோய் வந்திருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ டாக்டர்."

சட்டென்று வந்துவிட்டது வார்த்தை. பல வருடங்களாகத் தயாராக வைத்திருந்த வார்த்தை அது.

இருபத்திரண்டு வயதில் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தேன். இரண்டு மாதம் விடாமல் இருமல், மாலையானால் காய்ச்சல். அங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பொதுக் கழிப்பறையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவேன்.

நோய் முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொன்னார்கள். சிகிச்சை அட்டையை அறை ஸ்டவ்வில் எரித்தேன். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து வசந்தாவைப் பெண் பார்த்தார்கள். அவளுக்கும் சொல்லவில்லை.

"மூன்று நாள் காலையில் சளி கொடுங்கள்" என்றார் மருத்துவர். கொடுத்தேன். முதல் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதை வளர்த்துப் பார்க்க வேண்டுமாம். ஆறு வாரம் ஆகும்.

நுரையீரலில் புள்ளி என்றால் என்ன ஆகும் என்பது கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும். விசா கேன்சல், விமான டிக்கெட், திரும்பி வர முடியாது. அன்றைய விதி அப்படி.

கதவுக்கு வெளியே

ஆறு வாரம் என்று தெரிந்த அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து அறைக்கு வந்தேன். என் மெத்தை, பெட்டி, பக்கெட், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் கதவுக்கு வெளியே வராந்தாவில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. தூக்கி எறிந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மெத்தையை நன்றாகச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பெரியசாமி வாசலில் நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் பக்கெட்டைப் பார்த்துப் பேசினான்.

"நான் மட்டும் சொல்லல மாப்ள. எட்டுப் பேரு இருக்கோம், ஒரே ஏ.சி. எல்லாரும் பயப்படுறானுங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யார்டுல இருக்கச் சொல்லி கேம்ப் பாஸே சொல்லிட்டாரு."

"சரி" என்றேன். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டோர் யார்டின் மூலையில் பழைய போர்ட்டா கேபின் ஒன்று இருந்தது. தகரப் பெட்டி மாதிரி ஒரே அறை. அங்கே மெத்தையை விரித்தேன். மெஸ்ஸிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை வாசல் படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள். நான் திறப்பதற்குள் ஆள் இருக்காது.

வெள்ளிக்கிழமை வசந்தாவுக்குப் போன் செய்தேன்.

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஏ.சி. காத்து. வேற ஒண்ணுமில்ல."

"இருமுறீங்களா?"

"இல்ல இல்ல" என்றேன். உண்மையில் நான் இருமவே இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் தொண்டை அரித்தது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடக்கினேன்.

மூன்றடிக் கண்ணாடி

அந்தக் கேபினில் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி கிடந்தது. ஊருக்குப் போய்விட்ட ஒரு இன்ஜினியர் விட்டுச்சென்றது. அதற்குள் கிழிந்த கையுறைகளும் கேபிள் கட்டும் பட்டைகளும் கிடந்தன.

ஸ்டோரில் எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தது. முதல் இரண்டு நாள் நுரையீரலைப் பற்றியே படித்தேன். ஒவ்வொரு பக்கமும் முந்தின பக்கத்தைவிட மோசமாக இருந்தது. மூன்றாம் நாள், இனி அதைத் தேடவே கூடாது என்று முடிவு செய்து, கேபினில் கிடந்த தொட்டியைப் பற்றித் தட்டினேன்.

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிய பக்கம் வந்தது. பம்ப் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், காற்றுக் குழாய் வேண்டாம். தொட்டியின் அடியில் ஓர் அங்குலம் சாதாரணத் தோட்டத்து மண். அதன்மேல் ஓர் அங்குலம் மணல். மண்ணிலிருக்கும் சத்து செடிக்கு. மண் கலங்கி மேலே வராமல் அமுக்கிப் பிடிக்க மணல். முதல் நாளே நெருக்கமாகச் செடி நட வேண்டும். பிறகு சும்மா விட்டுவிட வேண்டும்.

ஆறு வாரத்தில் தொட்டி நிலைக்கு வந்துவிடும் என்று கடைசி வரி சொன்னது.

ஆறு வாரம். அதைப் படித்ததும் அச்சடித்து எடுத்துக்கொண்டேன். மீன் வளர்க்கும் ஆசையெல்லாம் எனக்கு அன்றுவரை இருந்ததில்லை. அந்த ஆறு வாரமும் என் நெஞ்சைத் தவிர வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மண் கிடைப்பது எளிதல்ல. யார்டில் தோண்டினால் உப்பும் சரளையும்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேரீச்சந் தோட்டம். அங்கே வேலை பார்த்த பெங்காலியிடம் போய் நின்றேன்.

"மிட்டி?" என்று சிரித்தான். "மிட்டி காய்கோ பாய்?"

மண் எதற்கு என்று அவனுக்குச் சொல்ல என் ஹிந்தி போதவில்லை. "மச்லி" என்றேன், மீன் என்று. இன்னும் பலமாகச் சிரித்தான். ஆனாலும் சொட்டுநீர்க் குழாய் ஓடும் மரத்தடியிலிருந்து இரண்டு பக்கெட் வெட்டிக் கொடுத்தான்.

மண்ணை மூன்று முறை ஊறவைத்துத் தண்ணீரை வடித்தேன். உப்பும் ஆட்டெருவின் காரமும் போக வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. பெயின்ட் வடிகட்டும் நைலான் வலையில் சலித்து, டிரம் மூடியில் பரப்பி வெயிலில் வைத்தேன். காலையில் வைத்தது மதியம் சாப்பாட்டுக்குள் காய்ந்து பிஸ்கட்டாகிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசனை கேபின் முழுக்க நின்றது.

டவுனில் மீன்கடை வைத்திருந்தவர் அபுல் ஹசன். அதிராம்பட்டினத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்.

"மண்ணையா போடப் போறீங்க?" என்று சத்தமாகவே கேட்டார். "அண்ணே, நான் பத்து வருசமா மீன் விக்கிறேன். தொட்டியில மண்ணைப் போடுற ஆளை இப்பதான் பாக்குறேன். நாறிடும்ணே. ஒரு ஃபில்டர் எடுத்துட்டுப் போங்க, நிம்மதியா இருக்கலாம்."

"இல்ல பாய். இப்படித்தான் செஞ்சு பாக்கணும்."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, செடிகளை எடுக்கத் திரும்பினார். ரிப்பன் மாதிரி நீளமாக வளரும் வாலிஸ்னேரியா, வேலம்பாசி, அகல இலைச் செடி நாலைந்து என்று ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இலைகளில் நத்தைகள் ஒட்டியிருந்தன. "இப்பவே மீன் போட்டுறாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. மூன்று கப்பி மீன்களைப் பையில் கேட்டு வாங்கினேன். உயிரோடு ஏதாவது அந்த அறைக்குள் இருக்க வேண்டும்போல் இருந்தது.

"மேல போட நல்ல மணலாப் பாருங்க. கடல் மணல் ஆகாது. உப்பு, சிப்பி" என்று கடைசியாகச் சொன்னார்.

நல்ல மணலுக்கு எங்கே போவது? திரும்பி வந்து ஸ்டோரைத் திறந்தேன். கண் முன்னே நூற்றுக்கணக்கில் மூட்டைகள். கறுப்பாக, ஒரே அளவாக, பளபளவென்று. ஒரு மூட்டையைப் பிரித்தேன்.

கறுப்பு

தொட்டியை நிரப்பிய நான்காம் நாளுக்கு வருகிறேன். பி.ஆர்.ஓ. போனை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் மூன்று மீன்களும் போய்விட்டன. அபுல் ஹசனை அழைத்தேன்.

"தண்ணி கலர் மாறுறது பரவால்ல, மண்ணுல சாயம் இறங்கும். மீனு சாகுறதுக்குப் பல காரணம் இருக்கு. ஆனா நத்தை சாகக் கூடாதே" என்றார். "மேல என்ன மணல் போட்டீங்க?"

"கிரிட் பாய். எங்க ஸ்டோர்ல இருக்கறது."

அவர் கடையில் யாரிடமோ மோட்டாரை நிறுத்தச் சொல்வது கேட்டது.

"கறுப்பா இருக்குமே, அதா? அது செம்பு உருக்கினப்புறம் மிஞ்சற கழிவுதானே அண்ணே? நத்தைக்குச் செம்பு விஷம். ஒரு துளி போதும்."

ஃபைலைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு லோடோடும் ஒரு பாதுகாப்புத் தாள் வரும். இந்தப் பொருளில் என்னென்ன இருக்கிறது, மூச்சில் போனால் என்ன, தண்ணீரில் கலந்தால் என்ன என்று. செம்பு என்று தெளிவாக இருந்தது. தாளின் கீழே, பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில், என் கையெழுத்து.

படிக்காமலே கையெழுத்துப் போட்ட தாள் எத்தனையோ. அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்த அறையில், அந்த வாரத்தில், எனக்கு எல்லாமே சகுனமாகத் தெரிந்தது. நான் தொட்டது சாகிறது என்று தோன்றியது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் மேலே. கனமாக இருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் தொட்டியைக் காலி செய்தேன். செடிகளைப் பிடுங்கி பக்கெட்டில் போட்டேன். கறுப்புத் துகளும் மண்ணும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. மொத்தத்தையும் அள்ளி மூட்டை கட்டினேன். ஆறு வாரக் கணக்கு எனக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு நின்றுவிட்டது.

இரண்டு சாக்கு

வெள்ளிக்கிழமை காலை கேபின் கதவை யாரோ தட்டினார்கள். சாப்பாடு நேரமில்லை. திறந்தால் பெரியசாமி. இரண்டு பக்கமும் இரண்டு சாக்கு.

"கிரிட்டையாடா போட்ட?" என்றான். "ஸ்டோர் கீப்பருன்னு பேரு."

"யாரு சொன்னா?"

"அந்த மீன்கடை பாய். நேத்து டவுனுல பாத்தேன். உன் ஃப்ரெண்டு மண்ணைக் கட்டிட்டு அழுவுறாருன்னு சொன்னாரு." சாக்கைக் கீழே வைத்தான். "வாதி மணலு. மலையிலேர்ந்து தண்ணி ஓடி வருதுல்ல, அந்த ஓடையில அள்ளினது. உப்பு கிடையாது. தண்ணி டேங்கர் ஓட்டுற பாகிஸ்தான் பட்டாணிகிட்ட சொல்லி அவன்கூடப் போயி எடுத்துட்டு வந்தேன்."

நான் வாசலை விட்டு நகரவில்லை. "உள்ள வராத. ரிப்போர்ட் வரல இன்னும்."

"வெளியவே கழுவலாம்" என்றான்.

கேபின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்து மணல் கழுவினோம். தண்ணீர் விட்டுக் கையால் கலக்கி ஊற்ற ஊற்ற, கலங்கல் வந்துகொண்டே இருந்தது. பதினெட்டு, இருபது முறை இருக்கும். பெரியசாமி ஊர்க் கதை பேசினான், அவன் மச்சினன் சண்டையைப் பேசினான். மெத்தையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

நான் டீ போட்டேன். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்தான் இருந்தது. அவனுக்குக் காகிதக் கோப்பை தேடிக் கேபினுக்குள் போனேன். திரும்பி வந்தால் என் டம்ளரை எடுத்துப் பாதி குடித்துவிட்டான்.

"டேய்!"

"என்ன டேய்? சூடு ஆறுதுல்ல" என்றான். மீதியை என்னிடம் நீட்டினான்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அடியில் தோட்டத்திலிருந்து மறுபடி வாங்கி வந்த புது மண், மேலே சாம்பல் நிற வாதி மணல், பிழைத்திருந்த செடிகள் என்று தொட்டி மறுபடி நின்றது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பக்கெட்டில் வைத்திருந்து, மணலில் வைத்த தட்டின்மேல் மெதுவாக ஊற்றினேன். அப்போதுதான் மணல் எழும்பாது.

இருமல்

இந்த முறை மீன் போடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பார்த்துப் பயப்பட எத்தனை இருந்தது! மண்ணுக்குள் காற்று அடைத்து அழுகிய முட்டை நாற்றம் வரலாம் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. தினமும் கபாப் குச்சியால் மணலில் நாலைந்து இடத்தில் குத்தி முகர்ந்து பார்ப்பேன். மதியம் யார்டில் கரன்ட் போனால் ஏ.சி. நின்று கேபின் அடுப்பாகிவிடும். ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடுவேன். அகல இலைகள் உருகிக் கூழானபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பத்தாம் நாள் அதே தண்டின் நடுவில் நகக்கண் அளவு ஒரு பச்சை முளை வந்தது.

மூன்றாம் வாரம் தண்ணீர் தெளிந்தது. வாலிஸ்னேரியா மேல்மட்டம்வரை போய் வளைந்து படுத்தது. சாயங்கால வெளிச்சத்தில் இலை நுனிகளில் முத்து முத்தாகக் காற்று ஒட்டியிருக்கும். பெரியசாமி தினமும் வந்து வாசல்படியில் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு வாசல்படியிலிருந்து உள்ளே வந்துவிட்டான்.

ஒரு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருமினான்.

நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். மறுநாளும் இருமினான். அதற்கு மறுநாளும்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். கிரிட் தூசி மாப்ள. எப்பவும் உள்ளதுதான்."

மனசு தானாகப் பின்னோக்கி எண்ணியது. டம்ளர் நாளிலிருந்து சரியாகப் பதினேழு நாள்.

"கிளினிக்குப் போ."

"போனா எக்ஸ்ரே எடுப்பான். அப்பறம் என் மெத்தையையும் சுருட்டி வெளிய வைப்பானுங்க." சிரித்துவிட்டு மறுபடி இருமினான்.

அவனிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த நோய் ஏற்கெனவே வந்திருக்கிறது, நீ குடித்த டம்ளர் அப்படிப்பட்டது என்று. வாய் வரவில்லை. சொன்னால் அறைக்குப் போய்ச் சொல்வான், அறை கேம்ப் பாஸிடம் சொல்லும், கேம்ப் பாஸ் ஆபீஸில் சொல்வார். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே நான் விமானத்தில் இருப்பேன். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாம் வகுப்பு. வாயை மூடிக்கொண்டு அவன் இருமல்களை எண்ணினேன்.

தொட்டியில் எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மேசைக்கு எதிரே

ஆறாவது வாரக் கடைசியில் பி.ஆர்.ஓ. கூப்பிட்டார். "வா. டாக்டர் பார்க்கணும்னு சொல்லி."

அதே மருத்துவர். மேசையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றேன். உடைந்த ஆங்கிலத்தில், மூச்சு வாங்க, சொல்லி முடித்தேன். இருபத்திரண்டு வயது. ஆறு மாதம் மாத்திரை. முதல் நாள் உங்களிடம் சொன்னது பொய்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஏன் இப்போது சொல்கிறீர்கள்?"

"என் நண்பன் இருமுகிறான். மூன்று வாரமாக. என் டம்ளரில் டீ குடித்தான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்கிறான். நீங்கள் கூப்பிட்டால் வருவான்."

பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு உறையைப் பிரித்தார். படிக்க எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

"ஒன்றும் வளரவில்லை" என்றார். "உங்கள் உடம்பில் இப்போது நோய் இல்லை. அது பழைய தழும்பு. உங்களால் அவருக்கு எதுவும் வந்திருக்காது."

கைகளால் முகத்தை மூடிக்கொண்டேன். என்னால் பெரியசாமிக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு இலேசாக இருந்தது என்பதை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார். நீளமாக எழுதினார்.

"தழும்பு இருக்கிறது. நீங்கள் சொன்னதும் இருக்கிறது. இரண்டையும் நான் எழுதாமல் இருக்க முடியாது" என்றார். "ஐயாம் சாரி" என்று எழுந்து நின்று சொன்னார். அங்கே எனக்காக எழுந்து நின்ற முதல் அதிகாரி அவர்தான்.

வேனில் பி.ஆர்.ஓ. காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கலாஸ்! விசா போயி! நீ எந்தினாடா வாய் தொறந்தே?"

நான் சொல்லாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனா, இல்லை அந்தத் தழும்பே போதுமானதாக இருந்திருக்குமா? எனக்கு இன்றுவரை தெரியாது. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விதமாகச் சொல்லிவிட்டார்கள்.

பெரியசாமியைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் சுத்தம். தூசியால் வந்த எரிச்சல் என்று மருந்து கொடுத்து, கிரிட் வேலையிலிருந்து மாற்றும்படி எழுதிக்கொடுத்தார்கள். கம்பெனி அவனை வாட்டர் பம்ப் டியூட்டிக்கு மாற்றியது. அன்று சாயங்காலம் கேபினுக்கு வந்து கத்தினான்.

"உன்னை யாருடா சொல்லச் சொன்னா? வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னும் மூணு வருசம் இருந்திருக்கலாம்ல!"

"இருந்திருந்தா நீ செத்திருப்ப."

"சாகலையே! எனக்குத்தான் ஒண்ணுமில்லையே!"

"அது எனக்கு அன்னைக்குத் தெரியாதேடா."

 அவன் என் பெட்டியை இழுத்துப்போட்டு, கயிறு கட்டத் தொடங்கினான். அழுதுகொண்டே கட்டினான்.

தொட்டியை அவனிடமே விட்டுவந்தேன். அபுல் ஹசன் ஐந்து கப்பி மீன்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவை பெருகின என்று பெரியசாமி போனில் சொன்னான். அடுத்த வருடம் கேம்ப் இடம் மாறியபோது தொட்டி மீன்கடைக்குப் போனது. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

கீரனூர் தாண்டி

திருச்சி விமான நிலையத்துக்கு வசந்தா வந்திருந்தாள். லீவில் வருகிறேன் என்று நினைத்து, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். பஸ் ஊரைத் தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பூர் மாத்திரையிலிருந்து மருத்துவர் எழுந்து நின்றதுவரை. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீரனூர் தாண்டியதும்தான் திரும்பினாள்.

"அந்த டாக்டரம்மா கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்க. என்கிட்ட?"

"நீ கேக்கவே இல்லையே."

"கேக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கையிலிருந்த பஸ் டிக்கெட்டை நான்காக மடித்தேன். 

மறுபடி வெளியே பார்க்கத் தொடங்கினாள். வேலை போனதைப் பற்றிக் கேட்பாள், பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் பதில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அறந்தாங்கி பஸ் எதிர்வரிசையில் நின்றது. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன்.

"அந்தப் பெரியசாமி அண்ணனுக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"நின்னுடுச்சு."

"போன் பண்ணிக் கேட்டீங்களா, நீங்களா சொல்றீங்களா?"

"ஷார்ஜா ஏர்போர்ட்லேர்ந்து பேசினேன். நின்னுடுச்சு."

தலையாட்டினாள். பிறகு இரண்டு பெட்டிகளில் கனமானதைத் தானே எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு, அறந்தாங்கி பஸ்ஸை நோக்கி நடந்தாள்.